இடைவேளையில் கைமாறும் சீட்டு

கண்ணாடிக் கடையில் அவருக்குத் தீர்ப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை ஒரு படம், திங்கட்கிழமை காலையில் ஒரு தீர்ப்பு. வருஷக்கணக்கில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தீர்ப்பு, நேத்துப் படம் எப்படி?" என்று முதலாளி கேட்பார். உடனே பதில் வந்துவிடாது. பெரிய மேஜையில் விரித்த கம்பளித் துணிமேல் கண்ணாடியைக் கிடத்தி, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரே இழுப்பில் கோடு போட்டு, மேஜை விளிம்பில் வைத்து 'டக்' என்று ஒடித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"போலீஸ் படம். நாள் முழுக்க ஓடுறான், தாவுறான், பத்துப் பேரை அடிக்கிறான். ஒரு தடவை ஒரு வாய் தண்ணி குடிச்சான்னு காட்டல. தண்ணி குடிக்காதவனை நான் நம்ப மாட்டேன். யாரும் போகாதீங்க."

யாரும் போக மாட்டார்கள். பேய்ப் படம் வந்தபோது, "சுவத்துக்குள்ள புகுந்து வர்ற பேய் கதவை எதுக்குத் தட்டணும்? மரியாதை தெரிஞ்ச பேயா?" என்றார். வக்கீல் படத்துக்கு, "கோர்ட்ல இவ்வளவு கத்தினா ஜட்ஜ் இல்ல, வாசல்ல நிக்கிற ஆளே வெளியே தள்ளிடுவான்" என்றார். நல்ல படத்தை நல்ல படம் என்று சொல்லவும் தயங்க மாட்டார். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ அப்படித் தேறும்.

இவ்வளவு பேசுகிற மனுஷன் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. அது கடையில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில் அவருடைய அண்ணன் படுக்கையில் இருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு பாதி வரும், பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஒரு தடவை புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து எங்கேயோ போய்விட்டுத் திரும்பினால், அண்ணன் எழுந்து நடக்கப் பார்த்து விழுந்து, கட்டிலுக்கடியில் முகம் தரையில் ஒட்டியபடி கிடந்தார். அன்றிலிருந்து அவரைத் தனியே விடுவதில்லை.

அதற்காகப் படத்தை விட்டுவிட முடியுமா? தீர்ப்பு ஒரு வழி கண்டுபிடித்தார். தியேட்டர் இரண்டு தெரு தள்ளித்தான். மதியக் காட்சிக்கு ஒரே ஒரு சீட்டு. முதல் பாதியை அவர் பார்ப்பார். இடைவேளை மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து வாசலிலேயே சீட்டை மனைவி கையில் கொடுப்பார். "ஹீரோ லாரி ஓட்டுறான், அந்தப் பொண்ணு டீச்சர், அண்ணன்காரன்தான் வில்லன், போ போ" என்று கதையையும் கூடவே கொடுப்பார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவாள். வாசலில் சீட்டுக் கிழிக்கிற கேட்காரர் இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டு கண்டும் காணாமல் விடுவார். சாயங்காலம் அவள் வந்து, அண்ணனின் கட்டில் காலடியில் உட்கார்ந்து, இரண்டாம் பாதியைச் சொல்லுவாள். அண்ணனும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டையும் ஒட்டவைத்தால் திங்கட்கிழமைக்கு ஒரு தீர்ப்பு தயார்.

"பாதி எனக்கு, பாதி அவளுக்கு. இதைவிட நியாயம் எந்த வீட்ல இருக்கு?" என்று அவர் மனசுக்குள் மெச்சிக்கொள்வது வழக்கம்.

நல்ல நியாயம்தான் போங்கள். வாரத்தின் மற்ற நாட்களை அவர் அந்த நியாயத்தில் சேர்க்கவே இல்லை. அவர் காலையில் கடைக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். அதற்குள் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது, விரிப்பு மாற்றுவது, மாற்றிய விரிப்பைத் துவைப்பது, காய்வதற்குள் அடுத்ததை மாற்றுவது எல்லாம் அவள்தான். ஒரு நாள் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பகல் இல்லம் இருக்கிறது, காலையில் கொண்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டி வரலாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது விடலாமே என்று.

"அண்ணன் என்னைத் தோள்ல தூக்கி வளத்தவர். வேற ஆள் கையில விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அவர் கையிலா அண்ணன் இருந்தார்? அவள் கையில்தானே இருந்தார். அவள் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டவளை ஒத்துக்கொண்டவள் என்று நினைப்பது ஆண்பிள்ளைகளுக்குக் கைவந்த கலை.

கொஞ்ச மாதங்களாக இரண்டாம் பாதிகளின் போக்கு மாறியிருந்தது. லாரிக்காரன் படத்தில் அந்த டீச்சர் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டாள். பேய்ப் படத்தில் பேய் யாரையும் துரத்தவில்லையாம். அந்த வீட்டு மருமகள் ஜிப் போய் ஊக்கு குத்திய ஒரு பழுப்புப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட, பேய் தனியாக நின்றதாம். வக்கீல் படத்தில் வக்கீலின் மனைவி முதல் பாதியில் இரண்டே காட்சியில்தான் வந்தாள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவள். அவளும் கடைசியில் போய்விட்டாள். "போறதுக்கு முன்னாடி கொடியில காய்ஞ்ச துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சிட்டு, அடுப்பு அணைஞ்சிருக்கான்னு பாத்துட்டுப் போறா" என்று மனைவி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் நிதானமாக இருந்தது.

தீர்ப்புக்கு இதில் ஒரு பெரிய தத்துவமே அகப்பட்டுவிட்டது. கடையில் அதையும் எடுத்து விட்டார்.

"இப்ப வர்ற டைரக்டருங்களுக்கு ஒரே ஒரு கதைதான் தெரியும். முதல் பாதி வேற வேற, ரெண்டாம் பாதி எல்லாம் ஒண்ணு. பொம்பள வீட்டை விட்டுப் போறா. துணி மடிச்சு வச்சிட்டுப் போறதைக்கூட ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் காப்பி அடிக்கிறான். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

முதலாளி தலையாட்டினார். விளிம்பு தேய்க்கிற பாலிஷ்காரர், "காலம் கெட்டுப் போச்சு" என்றார். அந்தப் பேச்சு அப்படியே நின்றிருக்கும். டிரெய்லருக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்திருந்தால்.

டிரெய்லர் என்பது வீடு வீடாகப் போய் ஜன்னல் கண்ணாடி மாட்டுகிற ஆள். டிரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு முழுப்படம் பார்த்தவன்போலப் பேசுவதால் வந்த பெயர். இப்போது புதுப் பெண்டாட்டியோடு வாராவாரம் தியேட்டரில் கிடந்தான். எல்லாப் படமும் பார்க்கிறான், முழுசாகப் பார்க்கிறான்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக்கூடாது" என்றான். "நீங்க எந்தத் தியேட்டர்ல பாக்கறீங்க? லாரிப் படத்துல டீச்சர் எங்கயும் போகலையே. கடைசியில ரெண்டு பேருக்கும் கல்யாணம். லாரியிலயே மாலை மாத்துறாங்க. பேய்ப் படத்துல பேயை ஓட்டிட்டு எல்லாரும் ஒண்ணா போட்டோ எடுக்கறாங்க. வக்கீல் பொண்டாட்டி இடைவேளைக்கு அப்புறம் வரவே இல்ல."

கடை சிரித்தது. "தீர்ப்பு தூங்கிட்டாரு. கனவுல வந்த படத்தைச் சொல்லியிருக்காரு" என்றார் முதலாளி.

தீர்ப்பும் சிரிக்கப் பார்த்தார். மேஜைமேல் கோடு போட்ட கண்ணாடி இருந்தது. எடுத்து ஒடித்தார். கோட்டை விட்டுக் குறுக்கே ஓடி மூன்று துண்டாகப் போனது. இத்தனை வருஷத்தில் அவர் கையில் அப்படி உடைந்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றது.

அவருக்கு உடைந்த கண்ணாடி கண்ணிலேயே படவில்லை. பழுப்புப் பை. ஜிப் போய் ஊக்கு குத்திய பழுப்புப் பை என்று ஒரு கதையில் சொன்னாளே. அப்படி ஒரு பை அவர் வீட்டு அலமாரிமேல்தான் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் தியேட்டருக்குப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்த கேட்காரரிடம், இடைவேளைக்கப்புறம் தன் மனைவி உள்ளே வருகிறாளா என்று கேட்டார்.

"அக்காவா? அக்கா உள்ள வந்து ரொம்ப நாளாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

"பின்ன எங்க போறா?"

"எங்கயும் போகல. பால்கனிக்கு ஏறுற படி இருக்குல்ல, அதுல உக்காந்திருப்பாங்க. படம் விடுற வரைக்கும்."

"யார்கூடயாவது பேசிட்டிருப்பாளா?" கேட்டதுமே அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

கேட்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யார்கூடயும் இல்ல சார். சும்மா உக்காந்திருப்பாங்க. நான்கூட ஒரு நாள் கேட்டேன், உள்ள குளுகுளுன்னு இருக்கேம்மா, போய் உக்காரலாமேன்னு. இருட்டுல உக்காந்தா தூங்கிடுறேன், தூங்கினா இந்த நேரமும் எனக்கில்லாமப் போயிடுது, முழிச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. சரிம்மான்னு விட்டுட்டேன்."

கேட்காரருக்குப் புரியவில்லை. தீர்ப்புக்கு நன்றாகவே புரிந்தது.

சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரத்தில் அலமாரிமேல் கைவிட்டுப் பையைத் தூக்கிப் பார்த்தார். காலிப் பையின் கனமில்லை. ஊக்கு விலகிய இடத்தில் மடித்த துணியின் ஓரம் தெரிந்தது. திறக்கத் தைரியம் வரவில்லை. இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார். போய்விடுவாளோ என்ற பயம் அவரைப் பிடித்தது அப்போதுதான். வேறு ஊரில் அவளுடைய அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். "கூடமாட ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பவள். போக இடமில்லாதவள் இல்லை இவள்.

அந்த வாரம் முழுக்கக் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டபடி இருந்தார். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல, அண்ணன் சாப்பிட்டாரா?" என்பார். அவள் குரல் கேட்டதும் கொஞ்சம் மூச்சு வரும். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஊரில் வருகிற படத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லத் தெரிந்த வாய்க்கு, வீட்டில் ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போலப் போய் உட்கார்ந்தார். திரையில் யாரோ வந்தார்கள், யாரோ பாடினார்கள், பக்கத்து இருக்கையில் சிரித்தார்கள். ஒன்றும் அவர் கண்ணில் ஏறவில்லை. மணி அடித்ததும் வழக்கம்போல ஓடிவந்தார். அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"கதை என்ன?" என்று கையை நீட்டினாள்.

அவருக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்.

"ஒரு வீடு. புருஷன், பொண்டாட்டி, புருஷனோட அண்ணன். அண்ணனுக்கு உடம்பு முடியாது."

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது.

"புருஷன் கண்ணாடி வெட்டுறவன். ஊர்ல ஓடுற படமெல்லாம் தெரியும் அவனுக்கு. வீட்ல நடக்கிறது தெரியாது. ஒரு நாள் அலமாரி மேல இருக்கிற பையைத் தூக்கிப் பாத்துடறான். அதுல துணி இருக்கு." சீட்டை விரலில் சுருட்டினார். "அவனுக்கு ரொம்பப் பயமாயிடுது. அதோட இடைவேளை."

அவள் தெருவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"ஒரு சீனை விட்டுட்டீங்க" என்றாள். "பகல் இல்லத்துல விடலாமான்னு அவ கேட்டாளே. அப்ப அவன் என்ன சொன்னான்?"

"தப்பா சொன்னான்."

"தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது அவனுக்கு?"

"இப்பதான்."

"அதெல்லாம் இவ்வளவு லேட்டா தெரிஞ்சா எப்படிங்க?" என்று சொல்லி, சீட்டை அவர் விரலிலிருந்து உருவிக்கொண்டு நடந்தாள். அவர் ஓடிப்போய் அலமாரிமேல் பார்த்தார். பை அங்கேயே இருந்தது. ஆனால் கிளம்பவேண்டும் என்று முடிவெடுத்தவளுக்குப் பை ஒரு பொருட்டா என்றும் தோன்றியது.

உள்ளே அண்ணன் முனகினார். விரிப்பு நனைந்திருந்தது. மாற்ற வேண்டும். இவ்வளவு நாளில் அவர் ஒரு தடவைகூடத் தனியாக மாற்றியதில்லை, கூடமாடப் பிடித்ததோடு சரி. முதுகுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார், அசையவில்லை. தோளைப் பிடித்து இழுத்தார், அண்ணனுக்கு வலித்தது. ஆளுயரக் கண்ணாடியை ஒற்றை ஆளாகத் தூக்கி மேஜையில் படுக்கவைக்கிறவர், வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"இடுப்பு" என்றார் அண்ணன், பாதி வாயால். "அவ... இடுப்புல... பிடிப்பா."

இடுப்பில் பிடித்துப் புரட்டினார். புரண்டார். ஒருவழியாக விரிப்பை மாற்றி முடித்தபோது அவருடைய முதுகு விண்விண் என்று தெறித்தது. கட்டில் காலடியில், அவள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, உன்னைப் பகல்ல ஒரு இடத்துல விட்டா... உனக்குச் சங்கடமா இருக்குமா?"

அண்ணன் நெடுநேரம் வாயை மென்றார். "அங்க... ஆளுங்க... இருப்பாங்களா? பேச?"

"இருப்பாங்க."

"அப்ப... போறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "என்னை... யாரும்... கேக்கலியே."

தீர்ப்பு தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனுக்காக, அண்ணனுக்காக என்று சொன்னாரே, அந்த அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் தான் நல்ல தம்பி என்ற பெயருக்குப் பங்கம் வந்துவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ. வெட்கமாக இருந்தது. அண்ணனின் அசையாத கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

படம் விடுகிற நேரம் வந்தது. தெருவில் ஆட்கள் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். கடைசியாக அவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், விரிப்பு மாறியிருப்பதைப் பார்த்தாள். காலடியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாம் பாதி?" என்றார் அவர்.

"அவ போயிடறா" என்றாள். "ரயில் ஏறிப் போயிடறா. அவன் பிளாட்பாரத்துல நிக்கறான். அவ்வளவுதான் படம்."

சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். இது படமா, இல்லை தனக்குச் சொன்ன பதிலா என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே போய்க் கேட்கக் கால் வரவில்லை. பகல் இல்லத்துக்கு அண்ணன் சரி சொன்னதை மட்டும் அடுப்படி வாசலில் நின்று சொன்னார். "ம்" என்றாள்.

திங்கட்கிழமை முதலாளி கேட்டார், "என்ன தீர்ப்பு, படம் எப்படி?"

அவர் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டுக் கோடு போடக் குனிந்தார். டிரெய்லர்தான் முந்திக்கொண்டான். "நானும் நேத்து சாயங்காலம் பாத்தேண்ணே. நீங்க சொல்றதுதான் இந்தத் தடவை கரெக்டு. கடைசியில அந்தப் பொண்ணு ரயில் ஏறிப் போயிடுது. இவன் பிளாட்பாரத்துல முழிச்சுக்கிட்டு நிக்கறான். என் பொண்டாட்டி ஒரே அழுகை."

தீர்ப்பு கட்டரைக் கீழே வைத்தார். அப்படியென்றால் அவள் உள்ளே போயிருக்கிறாள். படியில் உட்காராமல், தூங்காமல், படம் பார்த்துவிட்டு, பார்த்ததை உள்ளது உள்ளபடி வந்து சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அட, கதையைக் கேட்டதுக்கே அழறாரு பாரு" என்றார் பாலிஷ்காரர்.

கடைக்குப் பின்னால், மரச்சட்டங்கள் அடுக்கிய இடத்தில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"அண்ணன் சாப்பிட்டாச்சு" என்றாள் எடுத்ததுமே.

"அதில்ல. நேத்து உள்ள போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் தூக்கம் வரல."

"அந்தப் பொண்ணு ஏன் போச்சு?"

போனில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

"ஏன் போச்சுங்கிறது முதல் பாதியிலதானே வந்திருக்கும். நீங்கதானே உக்காந்து பாத்தீங்க. என்னைக் கேட்டா?"

"உக்காந்திருந்தேன். பாக்கலம்மா."

"தெரியும்" என்றாள். அதில் கோபம் இருந்தது. வெகுகாலம் அடக்கிவைத்த கோபம். அதைக் கேட்க அவருக்குப் பயமாகவும் இருந்தது, அவள் இன்னும் தன்னிடம் கோபப்படுகிறாளே என்று ஆறுதலாகவும் இருந்தது.

"அந்தப் பை..." என்று இழுத்தார்.

"பை இருக்கட்டும். அதைப் பிரிக்கிறதா எடுத்துட்டுக் கிளம்பறதான்னு நான் பாத்துக்கறேன். நீங்க தொடாதீங்க. சாயங்காலம் சீக்கிரம் வாங்க. அந்த இல்லத்தை மூடறதுக்குள்ள போய்க் கேட்டுட்டு வரணும். நான் போறேன், நீங்க உங்க அண்ணன்கூட இருங்க."

"இல்ல, நான் போய்க் கேக்கறேன். நீ சும்மா உக்காந்திரு."

அவள் போனை உடனே வைக்கவில்லை.

உள்ளே வந்து முதலாளியிடம் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். "என்ன, புதுப் படமா?" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி, வீட்ல வேலை இருக்கு" என்றார். போன வாரம் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக வேறொன்றை வெட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.